யோகலட்சுமியின் காலித் தட்டு

பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தால் தங்கத்தாய்க்குப் பொறுக்காது. அது அவள் பிறவிக் குணம். சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற ரோட்டில் நாலு கிலோமீட்டர் தள்ளி, கரிசல் காட்டை ஒட்டி இருக்கிற தொடக்கப் பள்ளியில் அவள் சத்துணவு உதவியாளர். ஒன்பது வருஷமாக அரிசி களைந்து, காய் நறுக்கி, முட்டை உரித்து, பரிமாறி, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள். ஆயா என்று கூப்பிட்டால் காது கேட்காதவள் மாதிரி நிற்பாள். அத்தை என்றால்தான் கரண்டி இறங்கும். அதனால் எழுபத்திரண்டு பிள்ளைகளுக்கும் அவள் அத்தை.

எந்தப் பிள்ளை எதை ஒதுக்கும் என்று அவளைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். ஹாலிதா கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டோரத்தில் வரிசையாக அடுக்குவாள். நாலாம் வகுப்பு மாரிக்கண்ணனுக்குத் தக்காளித் தோல் ஆகாது. மூன்றாம் வகுப்பில் இருக்கிற இரட்டைப் பையன்களில் ஒருவன் முட்டையின் வெள்ளையை மட்டும் தின்பான், மற்றவன் மஞ்சளை மட்டும். அவர்களுக்குள் தினமும் பண்டமாற்று நடக்கும், சண்டையும் நடக்கும். இந்த ஆட்களை எல்லாம் தங்கத்தாய் தன் வழியில் மடக்கிவிட்டாள். கறிவேப்பிலையை அரைத்துப் போட்டாள். தக்காளியை வேகவைத்துத் தோலை உரித்தாள். கேரட்டைச் சாம்பாரிலேயே கடைந்து ஆள் தெரியாமல் ஆக்கினாள். தெரியாமல் உள்ளே தள்ளிவிடுவதுதான் அவள் வித்தை. காலித் தட்டுகளை அடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், கலெக்டர் கையால் மெடல் வாங்கியவள் மாதிரி இருக்கும்.

மடங்காமல் இருந்தது ஒரே ஒரு ஆள். இரண்டாம் வகுப்பு யோகலட்சுமி.

ஜூன் மாதம் சேர்க்கும்போதே அவள் அம்மா ஜெயசித்ரா சமையல்கூடத்துக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போனாள். "பிள்ளைக்காக அம்மனுக்கு நேர்ந்திருக்கேன்க்கா. கோயில்ல ஆடித்தபசுத் திருநாள் முடியுற வரைக்கும் முட்டை, கறி, மீனு எதுவும் அவளுக்குக் கிடையாது. பாத்துக்கோங்க."

நேர்ச்சை என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். முட்டை தின்னாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் வாழைப்பழம் உண்டு. யோகலட்சுமிக்கு வாழைப்பழம் கொடுத்தார்கள். அவள் அதிலும் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தோலோடு மூடி வைப்பாள், பழம் முழுசாக இருப்பது மாதிரி. தங்கத்தாய் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். தபசு முடியட்டும் என்று பொறுத்தாள்.

தபசும் முடிந்தது. மறு திங்கட்கிழமை மிளகு முட்டையை எடுத்து நீட்டினால், பிள்ளை தலையை ஆட்டுகிறது.

"வேண்டாம் அத்தை. அம்மா திங்கக் கூடாதுன்னுட்டாவ."

"அதான் தபசு முடிஞ்சு போச்சேட்டி."

"வேண்டாம்."

ஒரு வாரம் பார்த்தாள், இரண்டு வாரம் பார்த்தாள். இதற்கிடையில் பள்ளிக்கு டாக்டர் குழு வந்து பிள்ளைகளை எடை பார்த்தது. யோகலட்சுமி பதினாலு கிலோ. தலைமை ஆசிரியை ராஜேஸ்வரி டீச்சர் சமையல்கூட வாசலில் வந்து நின்று, "அந்தப் பிள்ளை ஏன் இப்படி ஈர்க்குச்சியா கெடக்கு? நீங்க சோறு போடுதீங்களா இல்ல காட்டிட்டு எடுத்துருதீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சமையலர் சீனியம்மாள் அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டாள். தங்கத்தாய்க்கு மட்டும் அது தைத்துவிட்டது.

அவள் மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்தாள். நேர்ச்சை முடிந்தது. அம்மாக்காரி அதைப் பிள்ளையிடம் சொல்ல மறந்துவிட்டாள். பிள்ளை அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நாக்கை வளர்க்கிறது. அவ்வளவுதான். ஜெயசித்ராவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போன் நம்பர் இருந்தது. காலையில் எட்டு மணி மினி பஸ்ஸில் தறிக்கூடத்துக்குப் போகிறவளை வழிமறித்தும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒன்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் யாரிடம் போய் என்னத்தைக் கேட்க வேண்டும் என்கிற நினைப்பு.

அன்று வியாழக்கிழமை. சுவரில் பெயின்டால் எழுதியிருக்கிற அட்டவணைப்படி சாம்பார் சாதமும் வெங்காயத் தக்காளி மசாலா முட்டையும். பன்னிரண்டு மணிக்கு ராஜேஸ்வரி டீச்சர் வழக்கம்போல ஒரு வாய் ருசி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட்டாள். சீனியம்மாள் முற்றத்தில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் தங்கத்தாய் ஒரு தட்டைத் தனியாக எடுத்தாள். ஒரு முட்டையைப் போட்டுக் கரண்டியின் முதுகால் கட்டி தெரியாமல் மசித்தாள். சாதத்தைப் போட்டு, சாம்பாரை ஊற்றிப் பிசைந்தாள். வாசம் தெரியாமல் இருக்க மேலே ஒரு சிட்டிகைப் பெருங்காயம்.

யோகலட்சுமி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து முதல் வாயை வைத்தாள். வைத்தவள் மெல்லுவதை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். தங்கத்தாய் இடுப்பில் கரண்டியை முட்டுக்கொடுத்துக்கொண்டு எதிரிலேயே நின்றிருந்தாள்.

"என்னட்டி, நல்லாருக்கா?"

பிள்ளை அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு விழுங்கியது. அடுத்த வாய், அதற்கடுத்த வாய் என்று குனிந்த தலை நிமிராமல் தின்று முடித்தது.

"நல்லாருக்கு அத்தை" என்று காலித் தட்டை நீட்டியது.

தங்கத்தாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தத் தட்டை மட்டும் கழுவ மனசில்லாமல் தனியாக வைத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. ஹாலிதா ஓடிவந்தாள். "அத்தை, யோகலட்சுமி சொறிஞ்சிக்கிட்டே இருக்கா. நிக்க மாட்டுக்கா."

போய்ப் பார்த்தால் பிள்ளையின் கையிலும் காலிலும் கழுத்திலும் வட்டம் வட்டமாகத் தடிப்பு. தடிப்பும் தடிப்பும் ஒட்டி ஒட்டிப் பரவிக்கொண்டே போகிறது. சீனியம்மாள் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். "கம்பளிப்பூச்சிட்டி. முருங்கை மரத்துல மொய்ச்சுக் கெடக்குல்லா, மேல விழுந்திருக்கும்" என்றாள். அவள் இடுப்புச் சுருக்குப் பையில் எப்போதும் சங்கரன்கோவில் புற்றுமண் இருக்கும். சொறி, சிரங்கு, விஷக்கடி எதற்கும் அந்த ஊரில் முதலில் கை போகிற இடம் அதுதான். உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிள்ளையின் கை, கால், கழுத்து, முகம் என்று ஒரு இடம் விடாமல் பூசிவிட்டாள். பிள்ளை மண்பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இப்ப அடங்கிரும்" என்று சீனியம்மாள் எழுந்தாள்.

அடங்கவில்லை. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கியது. வாந்தி எடுத்தது. தங்கத்தாய் தலையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். சாதத்தோடு சாதமாக வெள்ளை வெள்ளையாக முட்டைத் துணுக்கு கிடந்தது. அடுத்து என்ன செய்தாள் தெரியுமா? இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அதன் மேல் போட்டு மூடினாள். இடத்தைச் சுத்தம் செய்கிறாளாம். சீனியம்மாளும் அப்படித்தான் நினைத்தாள்.

நேர்ச்சை முடியவில்லையோ என்கிற பயம்தான் முதலில் வந்தது. தபசு முடிந்த பிறகும் ஏதாவது பூஜை பாக்கி இருந்திருக்கும். நேர்ந்துவிட்ட பிள்ளைக்கு முட்டையை ஊட்டிவிட்டோம். அம்மன் பொறுப்பாளா? அந்தப் பிள்ளை மேல் கை வைத்துவிட்டாளே. "ஆத்தா, தப்பு என்னுது, பிள்ளைய விட்டுரு" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ராஜேஸ்வரி டீச்சர் வந்து பார்க்கும்போது பிள்ளையின் உதடு வீங்கியிருந்தது. குரல் கம்மிப் போயிருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம்.

"இது கம்பளிப்பூச்சி இல்ல" என்றாள் டீச்சர். அவள் முகம் வெளுத்துவிட்டது. "போன வாரம் கக்கூஸ் பக்கம் கட்டுவிரியன் கெடந்துச்சுன்னு சொன்னாங்கல்லா? அது கடிச்சாக் கடிவாயே தெரியாதாம்."

பாம்பு என்ற சொல் காதில் விழுந்ததும் பிள்ளைகள் எல்லாம் ஒரே அழுகை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள்; வண்டி குருவிகுளம் பக்கம் ஒரு கேஸுக்குப் போயிருக்கிறது, வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். ஜெயசித்ராவுக்குப் போன் போட்டார்கள். தறி ஓடுகிற சத்தத்தில் அவளுக்கு எங்கே கேட்கும், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கடைசியில் ரோட்டில் போன கருத்தப்பாண்டியின் ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தினார்கள். தங்கத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். டீச்சர் பக்கத்தில் ஏறினாள்.

பதினாலு கிலோ. அரிசி மூட்டையையே அநாயாசமாகத் தூக்குகிறவள் தங்கத்தாய். அன்றைக்கு மடியில் கிடந்த அந்தப் பதினாலு கிலோவை அவளால் தாங்க முடியவில்லை. பிள்ளையின் ஒவ்வொரு மூச்சும் அவள் தொடையில் அதிர்ந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே அவளுக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

பாதி வழியில் ஒரு கிடைக்காரர் செம்மறி ஆடுகளை ரோட்டைக் கடத்திக்கொண்டிருந்தார். இருநூறு ஆடாவது இருக்கும். கருத்தப்பாண்டி ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏ அண்ணாச்சி, பாம்புக்கடி வே! பிள்ளை கெடக்கு! ஒதுக்கும்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கிடைக்காரரும் கம்பை வீசிப் பார்த்தார். ஆடுகள் பாட்டுக்கு ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"டீச்சர்" என்றாள் தங்கத்தாய்.

"என்ன?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். கணவன் செத்த பிறகு கிடைத்த வேலை. பையன் ராஜபாளையத்தில் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். சத்துணவில் ஏதோ கலந்துவிட்டாள் என்று டிவியில் போட்டோவோடு வரும். போலீஸ் வரும். ஊர் வரும். அது எல்லாவற்றையும்விட, அம்மன் கோபத்துக்கு டாக்டர் என்ன செய்துவிட முடியும் என்று ஒரு சமாதானம் வேறு.

"ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் சின்ன வயசு டாக்டர் ஒருவர்தான் இருந்தார். அந்தப் பக்கத்துக் கட்டிலில் பைக்கிலிருந்து விழுந்த ஒருவருக்கு ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. டாக்டர் அதை நர்ஸிடம் விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்னாச்சு?"

"பாம்புக்கடி சார். கட்டுவிரியனா இருக்கும்" என்றாள் டீச்சர்.

"பார்த்தீங்களா?"

"பார்க்கல சார். போன வாரம் அங்கன ஒண்ணு கெடந்துச்சு."

அவர் டார்ச் அடித்துக் கால், கை என்று தேடினார். "கடிவாய் தெரியலையே. என்னம்மா இது, மேலெல்லாம் மண்ணு?"

"கோயில் புற்றுமண் சார். கம்பளிப்பூச்சின்னு நெனச்சுப் பூசிட்டாங்க."

பிள்ளைக்கு மாஸ்க் வைத்தார்கள். டாக்டர் ஊசியில் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஸ்டாண்டில் நிறுத்தினார். ரத்தம் உறைகிறதா என்று பார்க்க இருபது நிமிஷம் ஆகும் என்றார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டவர் முகத்தைச் சுளித்தார். மறுபடி வைத்துக் கேட்டார்.

"முகம் இவ்வளவு வீங்கியிருக்கு, நெஞ்சு இறுகிப் போயிருக்கு. சாப்பாட்டுல ஏதாவது சேராததா? சில பிள்ளைகளுக்கு முட்டை, நிலக்கடலை இதெல்லாம் சேராது. தொண்டை அடைச்சு மூச்சே நின்னுரும். இன்னைக்கு என்ன சாப்பிட்டா?"

"அதெல்லாம் இல்ல சார்" என்றாள் ராஜேஸ்வரி டீச்சர். அவள் பொய் சொல்லவில்லை, பாவம். "நான்தான் ருசி பார்த்தேன். மத்த எழுபத்தோரு பிள்ளைக அதையேதான் சாப்பிட்டிருக்கு, ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல. முட்டைய இவ தொடவே மாட்டா. வாழைப்பழம்தான் குடுக்கோம். என்ன தங்கத்தாய்?"

தங்கத்தாய் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவளாக ஆட்டவில்லை, தலை தானாக ஆடிவிட்டது.

டாக்டர் திரும்பி, பாம்புக்கடி மருந்து எத்தனை பாட்டில் இருக்கிறது என்று நர்ஸிடம் கேட்டார். திருநெல்வேலிக்கு அனுப்ப வேண்டியிருந்தால் வண்டி இருக்கிறதா என்றும் கேட்டார். தங்கத்தாய் ஸ்டாண்டில் இருந்த குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் போனது. மூச்சே நின்னுரும் என்று அவர் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. அம்மனும் இல்லை, பாம்பும் இல்லை. கரண்டியின் முதுகு. அவள் மசித்தது. பெருங்காயம் போட்டு மறைத்தது.

இரண்டு நிமிஷம் போனது. பிள்ளையின் நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தம் குறைந்தது. அடங்குகிறது என்று அவள் நினைத்தாள். ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. அப்புறம்தான் பார்த்தாள், சத்தம் குறைந்ததே மூச்சுக் குறைந்ததால். உதட்டோரம் நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

"சார், முட்டை."

அது அவள் குரல் மாதிரியே இல்லை. பைக்கிலிருந்து விழுந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"முட்டை தின்னிருக்கா சார். நான்தான் குடுத்தேன். சோத்துல மசிச்சு, தெரியாமக் குடுத்தேன். முழு முட்டை. அவளுக்கே தெரியாது. நான்தான் சார், நான்தான்."

டாக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஈரப் பஞ்சை எடுத்துப் பிள்ளையின் கையில் ஒரு இழுப்பு இழுத்தார். புற்றுமண் வழிந்த இடத்தில் ரத்தச் சிவப்பாகத் தடிப்புகள். "அட்ரினலின்!" என்று கத்தினார். நர்ஸ் ஓடிவந்து நீட்டியதை வாங்கி, பாவாடையை விலக்கிப் பிள்ளையின் தொடையில் குத்தினார்.

அதற்கப்புறம் அங்கே நடந்தது எதுவும் தங்கத்தாய்க்குச் சரியாக நினைவில்லை. டியூப், குளுக்கோஸ், இன்னொரு ஊசி. சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள். ராஜேஸ்வரி டீச்சர் அவளைப் பார்த்த பார்வை மட்டும் நினைவிருக்கிறது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீச்சர் திட்டவில்லை, ஓரடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

எவ்வளவு நேரம் ஆனதோ. பிள்ளை அழுதது. கீச்சென்று, குரல் உடைந்து, ஆனால் அழுதது. தங்கத்தாய் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே அவளிடம் வந்தார். "இன்னும் அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்லியிருந்தீங்கன்னா…" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் போய்விட்டார்.

ஜெயசித்ரா வரும்போது மூன்று மணி இருக்கும். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. செருப்புகூட இல்லை. பிள்ளையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவளின் எதிரில் தங்கத்தாய் போய் நின்றாள். அடிக்கட்டும், நாலு பேர் பார்க்க அடிக்கட்டும் என்றுதான் நின்றாள்.

"நான்தாம்மா குடுத்தேன். தபசு முடிஞ்சிட்டுல்லா, பிள்ளை மெலிஞ்சு கெடக்கேன்னு…"

ஜெயசித்ரா அடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேர்ச்சையே கெடையாதுக்கா."

தங்கத்தாய்க்குப் புரியவில்லை.

"மூணு வயசுல ஒருக்க இதே மாதிரி ஆச்சு. அப்பவே பெரிய டாக்டர் சொல்லிட்டார், முட்டை வாடையே கூடாதுன்னு. மொதல்ல சேத்த ஸ்கூல்ல உண்மையச் சொன்னேன். இப்படிப் பிள்ளைய எங்களால பாத்துக்க முடியாது, வேற எடம் பாருங்கன்னுட்டாவ. தெருவுல கண்டமுள்ள பிள்ளைன்னு பேராயிட்டு. சோத்துப் பாத்திரத்தைத் தொட விடமாட்டாவ, ஒட்டுவாரொட்டின்னு. அதான் இங்கன நேர்ச்சைன்னு சொன்னேன். சாமி பேரைச் சொன்னா யாரும் தொட மாட்டாவன்னு நெனச்சேன்." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு நாளு வச்சுச் சொல்லிட்டேனே. தபசு வரைக்கும்னு ஏன் சொன்னேன்? ஏன் சொன்னேன்?"

ராஜேஸ்வரி டீச்சர் போகும்போது, "மேல எடத்துல இருந்து விசாரிக்க வருவாங்க. அதுவரைக்கும் சமையல்கூடத்துப் பக்கம் வராதே தங்கத்தாய். நடந்ததை எழுதிக் குடுத்துரு" என்றாள். சரி டீச்சர் என்று தங்கத்தாய் சொன்னாள்.

மறுநாள் காலையில் ஏழரைக்கெல்லாம் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். வேலைக்குப் போக வேண்டாத காலை அவளுக்கு ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல். வார்டு வாசல்வரை வந்தவளுக்கு உள்ளே போகப் பயம். எட்டிப் பார்த்தாள். யோகலட்சுமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் இமை மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது. ஜெயசித்ரா பிளாஸ்கைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள்.

அந்த நேரத்தில் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா வந்தாள். தங்கத்தாய் வயசுதான் இருக்கும். கட்டில் கட்டிலாகப் பால், ரொட்டி, அவித்த முட்டை. யோகலட்சுமி கட்டிலுக்கு வந்ததும் நின்று பார்த்தாள்.

"அடியாத்தீ, என்ன இப்படி மெலிஞ்சு கெடக்க? இந்தா மக்கா, உனக்கு ரெண்டு முட்டை. ஒண்ணு இந்த அத்தை கணக்குல" என்று தட்டில் வைத்து, கன்னத்தைக் கிள்ளிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

வாசலிலிருந்து கட்டில்வரை எப்படி ஓடினாள் என்று தங்கத்தாய்க்குத் தெரியாது. இரண்டு முட்டையையும் வாரி எடுத்தாள். திரும்பினால் எதிரே ஜெயசித்ரா நிற்கிறாள்.

பிள்ளையின் கட்டிலருகே தங்கத்தாய். அவள் இரண்டு கையிலும் முட்டை.

பிளாஸ்க் கீழே விழுந்து உடைந்தது. தங்கத்தாயின் வாய் நேற்றுப் பொய் சொன்ன வாய்; அது இன்று உண்மையைச் சொன்னால் மட்டும் யார் நம்பப் போகிறார்கள்?

"யம்மா, நான்தான் வச்சேன்" என்று வண்டிக்கார அம்மா பதறிக்கொண்டு வந்தாள். "பிள்ளை மெலிவா இருக்கேன்னு. ஏன், முட்டை பிடிக்காதா அவளுக்கு?"

ஜெயசித்ரா வார்டைச் சுற்றிப் பார்த்தாள். பன்னிரண்டு கட்டில். பாதிப் பேர் அவள் ஊர்ப்பக்கத்து ஆட்கள். எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தொண்டையைச் செருமினாள்.

"என் பிள்ளைக்கு முட்டை சேராது" என்றாள். போதாது என்று நினைத்தாளோ என்னவோ, சத்தத்தைக் கூட்டினாள். "தின்னா மூச்சு நின்னுரும். செத்துருவா. எல்லாரும் கேட்டுக்கோங்க. நேர்ச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சேராது."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். வண்டிக்கார அம்மா ரொட்டித் தட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு, வேறு தட்டு கொண்டுவரப் போனாள். தங்கத்தாய் முட்டைகளைக் கொண்டுபோய் வெளியே தொட்டியில் போட்டாள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். போய்விடலாம் என்று பார்த்தாள். கால் திரும்பி வார்டுக்குத்தான் வந்தது.

ஜெயசித்ரா உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கத்தாயைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

தங்கத்தாய் கட்டிலைத் தொடாமல் எட்டி நின்றே குனிந்தாள். "உனக்குத் தெரியாம நான் மசிச்சுப் போட்டுட்டேன் மக்கா. அத்தைய மன்னிச்சிரு."

"எனக்குத் தெரியும்" என்றாள் யோகலட்சுமி. குரல் இன்னும் கரகரவென்றுதான் இருந்தது.

"என்னது?"

"மொத வாயிலயே முட்டை வாசம் வந்துச்சு."

தங்கத்தாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் ஏம்ட்டி தின்ன? துப்பியிருக்கலாம்லா?"

"நீங்க பாத்துக்கிட்டே நின்னீங்க" என்றாள் யோகலட்சுமி.

தங்கத்தாய் ஒன்பது வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் முன்னால் அப்படி நின்றிருப்பாள்? தெரியாமல் உள்ளே தள்ளுகிறோம் என்று நினைத்தாளே, அத்தனை பிள்ளைகளுக்கும் தெரிந்துதான் இருந்ததா? கரண்டியோடு நிற்கிற அவள் முகத்தைப் பார்த்து, பயந்து பயந்துதான் அத்தனை தட்டும் காலியானதா?

"இனிமே வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லணும். தட்டைத் தள்ளிரணும். யாரு தந்தாலும்" என்றாள். பிறகு, "நான் தந்தாலும்" என்றாள்.

யோகலட்சுமி அவளையே பார்த்தாள். நேற்று வேப்ப மரத்தடியில் பார்த்த அதே பார்வை.

"நீங்க கோவிக்க மாட்டீங்கள்ல?"